ஆறாம் நாள் கரு என்றால் வாய்ப்பு குறைந்துவிடுமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. வயது 34. முதல் ஐவிஎஃப்பில் (உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும் சிகிச்சை) ஃப்ரெஷ் டிரான்ஸ்ஃபர், அதாவது கருவை உறைய வைக்காமல் அதே சுழற்சியில் கருப்பையில் வைப்பது, செய்து கைகூடவில்லை. இப்போது மூன்று கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. ஐந்தாம் நாள் உறைய வைத்தது ஒன்று, கிரேடு (கருவின் தரக் குறியீடு, விளக்கம் பின்னால் வரும்) 3பிசி. ஆறாம் நாள் உறைய வைத்தவை இரண்டு, 4ஏபி, 5பிபி. டாக்டர் ஆறாம் நாள் 4ஏபியை முதலில் வைக்கலாம் என்கிறார். உங்களுக்குச் சந்தேகம்: மெதுவாக வளர்ந்ததை ஏன் முதலில் வைக்க வேண்டும், அதற்கு வாய்ப்பு குறைவுதானே, ஆறாம் நாள் கரு என்றால் டிரான்ஸ்ஃபரையும் ஒரு நாள் தள்ள வேண்டாமா, பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது குறை வருமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டாக்டர் சொன்ன வரிசையைத்தான் நானும் சொல்வேன். ஐந்தாம் நாள் கருவுக்கும் ஆறாம் நாள் கருவுக்கும் வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் உறைய வைத்து, பிறகு கருப்பையைத் தயார் செய்து வைக்கும்போது அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்சம் இருப்பதைவிட உங்கள் வயதும் கருவின் கிரேடும் பெரிய விஷயங்கள். நான் கருவியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள். ரிப்போர்ட்டில் ‘டே 5’, ‘டே 6’ என்று எழுதுவது என்னைப் போன்றவர்கள்தான். அந்த எண்ணைப் பார்த்துப் பல பெண்கள் தூக்கம் இழப்பது எனக்குத் தெரியும், அதனால் அந்த எண் எப்படி வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

முட்டை எடுக்கும் நாளுக்குப் பூஜ்யம் என்று பெயர். விந்தணுவோடு சேர்த்து 16 முதல் 18 மணி நேரத்தில், முட்டைக்குள் இரண்டு சிறிய வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒன்று அம்மாவின் மரபணு, மற்றது அப்பாவுடையது. அதுதான் கருத்தரிப்பு நடந்ததற்கான சான்று, அது முதல் நாள். இரண்டாம் நாள் 4 செல், மூன்றாம் நாள் 8 செல். நான்காம் நாள் பார்த்தால் செல்களை எண்ணவே முடியாது. ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொண்டு, நடுவில் இருந்த எல்லைக்கோடுகளெல்லாம் மறைந்து ஒரே உருண்டையாக இருக்கும். ஐந்தாம் நாள் அந்த உருண்டைக்குள் நீர் சேர்ந்து ஒரு குழி உருவாகும், ஓரமாக ஒரு செல் கொத்து ஒதுங்கும், சுற்றிலும் மெல்லிய செல் வரிசை அமையும். இதுதான் பிளாஸ்டோசிஸ்ட். அந்தக் கொத்துதான் குழந்தையாகும், சுற்றியுள்ள வரிசைதான் நஞ்சுக்கொடியாகும்.

உலகெங்கும் ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் பார்த்து ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதற்காக 2011இல் இஸ்தான்புல் கருத்தொற்றுமை என்று ஒன்று வெளியானது. மூன்றாம் நாள் சோதனை 68 மணி நேரத்தில், நான்காம் நாள் 92 மணி நேரத்தில், ஐந்தாம் நாள் 116 மணி நேரத்தில், ஒன்றிரண்டு மணி முன்பின் இருக்கலாம் என்று அது வரையறுத்தது. ஆக, ‘ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட்’ என்றால் ஏறக்குறைய 116ஆவது மணி நேரத்திலோ, அன்றே கொஞ்சம் தள்ளியோ பார்க்கும்போது உறைய வைக்கும் அளவுக்கு விரிந்திருந்தது என்று பொருள். அவ்வளவுதான்.

கருவை இன்குபேட்டரிலிருந்து (கருவை வளர்க்கும் பெட்டி) அடிக்கடி வெளியே எடுத்துப் பார்ப்பது அதற்கு நல்லதல்ல. ஐந்தாம் நாள் காலையில் குழி பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் திரும்ப உள்ளே வைத்துவிட்டு மறுநாள் காலை எடுத்துப் பார்ப்போம். அந்தக் கரு ஐந்தாம் நாள் இரவு 9 மணிக்கே முழுதாக விரிந்திருக்கலாம், ஆறாம் நாள் விடிகாலையில் விரிந்திருக்கலாம். இரண்டுக்கும் ரிப்போர்ட்டில் ‘டே 6’தான். ஐந்தாம் நாள் மாலையும் ஒருமுறை பார்க்கும் வழக்கம் உள்ள ஆய்வகமாக இருந்தால் முதல் கரு ‘டே 5’ ஆகியிருக்கும். இக்ஸி என்ற முறையில் விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் நேரடியாகச் செலுத்துகிறோம், சாதாரண ஐவிஎஃப்பில் விந்தணு தானாக முட்டைக்குள் நுழையச் சில மணி நேரம் எடுக்கும். அந்தச் சில மணி நேரமே ஒரு கருவை ஐந்தாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குத் தள்ளப் போதும். இன்குபேட்டரில் ஆக்ஸிஜன் 5% அளவில் வைத்திருக்கிறார்களா, காற்றில் உள்ளதுபோல 20% அளவிலா என்பதும் வேகத்தை மாற்றும். ஆகவே எல்லா ஆறாம் நாள் கருவும் ஒரே ரகம் என்று நினைக்க வேண்டாம்.

அதற்காக மெதுவாக வளர்வதற்குப் பொருளே இல்லை என்று சொல்ல வரவில்லை. மூன்றாம் நாள் வரை கரு ஓடுவது பெரும்பாலும் முட்டையில் அம்மா சேர்த்து வைத்த சரக்கில்தான். 4 செல்லுக்கும் 8 செல்லுக்கும் இடையில்தான் கருவின் சொந்த மரபணு வேலையைத் தொடங்குகிறது. அந்தக் கைமாற்றம் சரியாக நடக்காத கருக்கள் பல மூன்றாம் நாளுக்குப் பிறகு நின்றுவிடும், சில தடுமாறித் தாமதமாக வரும். குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய கருக்களிலும் இந்தத் தாமதம் அதிகம் தெரிகிறது. அதனால்தான் குரோமோசோம் பரிசோதனை செய்த கருக்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் ஐந்தாம் நாள் கூட்டத்தில் சரியானவற்றின் விகிதம் சற்று அதிகம், ஆறாம் நாளில் அதைவிடக் குறைவு, ஏழாம் நாளில் இன்னும் குறைவு. இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் ஒரு கருவைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க வயதின் கணக்கைச் சொல்கிறேன். 2014இல் 15,000க்கும் மேற்பட்ட கருக்களின் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். 20களின் பிற்பகுதியில் குரோமோசோம் பிசகு மிகக் குறைவாக இருந்தது. 40 வயதை எட்டும்போது பாதிக்கு மேல், 44 வயதில் 85%க்கும் மேல். ஒரு நாள் தாமதம் உண்டாக்கும் வித்தியாசம் இதன் பக்கத்தில்கூட வராது. 34 வயதில் உங்கள் ஆறாம் நாள் கரு, 41 வயதுப் பெண்ணின் ஐந்தாம் நாள் கருவைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி நீங்கள் கேட்டதில் மையமான விஷயம். கருவுக்கு ஒரு கடிகாரம் ஓடுகிறது, கருப்பைக்கு இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. கரு ஒட்ட இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கருப்பையின் உள்சுவர் எந்த நேரமும் கருவை ஏற்றுக்கொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதைத் தடிமனாக்கும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்த பிறகுதான் அது பக்குவப்படத் தொடங்கும். இயற்கைச் சுழற்சியில் முட்டை வெளிவந்து சுமார் ஆறு நாளில் ஏற்கும் நிலைக்கு வந்து, சில நாள் அப்படியே இருந்து, பிறகு மூடிக்கொள்ளும். 1999இல் ஆலன் வில்காக்ஸும் உடன் ஆய்வாளர்களும் இயற்கையாகக் கருத்தரித்த பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்து, கர்ப்ப ஹார்மோன் முதன்முதலில் எந்த நாளில் தலைகாட்டுகிறது என்று பார்த்தார்கள். 84% கர்ப்பங்களில் முட்டை வெளிவந்த 8, 9, 10 ஆகிய நாட்களில்தான் கரு ஒட்டியிருந்தது. ஒன்பதாம் நாளுக்குள் ஒட்டியவற்றில் 13% ஆரம்பத்திலேயே கலைந்தன. பத்தாம் நாள் ஒட்டியவற்றில் 26%, பதினோராம் நாள் 52%, அதற்கும் பிறகு ஒட்டியவற்றில் 82%. தாமதமாக ஒட்டும் கரு நிலைக்காமல் போவதற்குக் கருவின் குறையும் காரணமாக இருக்கலாம், கருப்பையின் வாசல் மூடத் தொடங்கியதும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் இயற்கைச் சுழற்சியில் பிரித்துப் பார்க்க வழி இல்லை.

உங்கள் முதல் முறை ஃப்ரெஷ் டிரான்ஸ்ஃபருக்கு வருவோம். நிறைய முட்டைக்காக ஊசி போடும்போது ஈஸ்ட்ரோஜன் இயற்கையில் இருப்பதைவிடப் பல மடங்கு ஏறும். முட்டை எடுப்பதற்கு முன்பே புரோஜெஸ்டிரோனும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதனால் கருப்பையின் கடிகாரம் முந்திக்கொண்டு ஓடும், வாசல் முன்னதாகவே திறந்து முன்னதாகவே மூடும். ஐந்தாம் நாள் கருவே அதைப் பிடிக்கத் திணறும் சூழல் அது. ஆறாம் நாள் கரு வந்து சேரும்போது வாசல் ஏறக்குறைய மூடியிருக்கும். ஃப்ரெஷ்ஷாகவே வைத்த காலத்தில் ‘ஆறாம் நாள் கருவில் பலன் இல்லை’ என்ற பெயர் வந்ததற்கு இது பெரிய காரணம்.

இதை அழகாகப் பிரித்துக் காட்டியது 2008இல் லாஸ் வேகஸைச் சேர்ந்த புரூஸ் ஷபிரோவின் குழு. சொந்த முட்டையில் உருவான கருவை அதே சுழற்சியில் ஃப்ரெஷ்ஷாக வைத்த பெண்களிடம் ஆறாம் நாள் கரு ஐந்தாம் நாள் கருவைவிட வெகுவாகப் பின்தங்கியது. தானமாகப் பெற்ற முட்டை என்றால் வாங்கும் பெண்ணின் கருப்பை ஊசிகளால் பாதிக்கப்படுவதில்லை. அவர்களிடம் அந்த இடைவெளி காணப்படவில்லை. உறைய வைத்து வைத்தவர்களிடமும் அப்படியே. குறை முழுக்கக் கருவில் இருந்திருந்தால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரியாததால், ஃப்ரெஷ்ஷில் தெரிந்த இடைவெளியில் பெரும்பங்கு இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாததால் வந்தது என்பது புலனானது.

உறைய வைப்பதன் பலன் இங்கேதான் இருக்கிறது. கரு −196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும்போது அதன் கடிகாரம் நின்றுவிடுகிறது. ஆறாம் நாள் விரிந்த கரு, ஐந்தாம் நாள் விரிந்த கரு எந்த வளர்ச்சி நிலையில் இருந்ததோ ஏறக்குறைய அதே நிலையில்தான் நிற்கிறது. நாம் கருப்பையின் கடிகாரத்தை மட்டும் புதிதாக ஓடவிட்டு, சரியான மணியில் கருவை உருக்கி வைக்கிறோம். வரத் தாமதமான அந்த ஒரு நாள், வைக்கும்போது கணக்கில் வருவதில்லை.

இதற்குப் பிறகும் ஏதாவது வித்தியாசம் மிஞ்சுகிறதா? மிஞ்சுகிறது. 2019இல் ஐந்தாம் நாள், ஆறாம் நாள் கருக்களை ஒப்பிட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. ஃப்ரெஷ்ஷில் இடைவெளி மிகப் பெரியது, உறைய வைத்ததில் அது வெகுவாகச் சுருங்கியது. ஆனாலும் ஐந்தாம் நாளுக்கே சாதகம் இருந்தது. குரோமோசோம் சரி என்று உறுதியான கருக்களை மட்டும் பார்க்கும்போது இன்னும் சுருங்கியது. அப்படியும் பூஜ்யமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். குரோமோசோம் சரியாக இருந்தும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) போன்ற வேறு இடங்களில் பலம் குறைந்த கருக்கள் மெதுவாக வளர்பவற்றில் கொஞ்சம் அதிகம் இருக்கும் என்பதுதான் இதற்கு நான் ஏற்கும் விளக்கம்.

ஏழாம் நாள் கருக்களைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஆய்வகங்கள் ஆறாம் நாளோடு முடித்துக்கொள்வார்கள். ஏழாம் நாள் வரை வைத்துப் பார்ப்பவர்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பவை கொஞ்சம்தான், அவற்றில் பலன் தெளிவாகக் குறைவு. ஆனால் அவற்றிலிருந்தும் ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். வேறு கருவே இல்லாத பெண்ணுக்கு அந்த ஒன்று எல்லாமுமாக இருக்கலாம். ‘டே 7’ என்று தூக்கிப்போடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

இப்போது உங்கள் மூன்று கருக்கள். இந்தக் கிரேடு முறை 1999இல் டேவிட் கார்ட்னரும் வில்லியம் ஸ்கூல்கிராஃப்டும் கொண்டுவந்தது. எண் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது, 1இலிருந்து 6 வரை. முதல் எழுத்து குழந்தையாகும் செல் கொத்து, இரண்டாவது நஞ்சுக்கொடியாகும் வெளிவரிசை. உங்கள் 3பிசியில் குழி நிரம்பிவிட்டது, ஆனால் மேலுறை இன்னும் மெலியவில்லை. வெளிவரிசைக்கு ‘சி’ என்றால் செல்கள் குறைவு, பெரிதாகவும் இடைவெளி விட்டும் இருந்திருக்கும். கருப்பையில் போய் ஒட்டுகிற வேலையைச் செய்வது அந்த வெளிவரிசைதான். உருக்கிய பிறகு மறுபடி நீர் ஏற்றி விரிவதும் அதன் வேலைதான். 4ஏபியில் கரு நன்றாக விரிந்து, மேலுறை மெலிந்து, உள்கொத்து இறுக்கமாகச் செழிப்பாக, வெளிவரிசை போதுமான அளவில் இருக்கிறது. ஒரு நாள் முந்தி வந்த 3பிசியைவிட ஒரு நாள் பிந்தி வந்த 4ஏபி மேல். இரண்டாவதாக 5பிபி. 5 என்றால் மேலுறையிலிருந்து வெளியே வரத் தொடங்கிவிட்டது என்று பொருள், அது கெட்ட செய்தி அல்ல. 3பிசி கடைசியில். நாளும் கிரேடும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்போது, வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்தால், கிரேடின் பக்கம் சாய்வதுதான் நியாயம். ஐந்தாம் நாள் 4பிபி, ஆறாம் நாள் 4ஏபி என்றிருந்தால் நான் ஐந்தாம் நாளைச் சொல்லியிருப்பேன்.

4ஏபி, 5பிபி இரண்டையும் சேர்த்தே வைத்துவிடலாமா என்று நினைக்கத் தோன்றும். உங்கள் வயதில் வேண்டாம். இரட்டைக் குழந்தை என்றால் குறைப்பிரசவம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாமே கூடும். ஒவ்வொன்றாக வைத்தாலும் மூன்று கருவின் மொத்த வாய்ப்பு எங்கும் போய்விடாது.

அடுத்து, ஆறாம் நாள் கருவுக்கு டிரான்ஸ்ஃபரை ஒரு நாள் தள்ள வேண்டுமா? பெரும்பாலான இடங்களில் தள்ளுவதில்லை. மேலே சொன்ன காரணமே. அது ஆறு நாள் வயதான கரு என்றாலும் வளர்ச்சி நிலையில் ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட். ஆகவே புரோஜெஸ்டிரோன் தொடங்கி முழுதாக ஐந்து நாள், அதாவது ஏறக்குறைய 120 மணி நேரம் ஆனதும் வைப்பார்கள். ஒரு நாள் கூடுதலாகப் புரோஜெஸ்டிரோன் கொடுத்து வைத்தால் ஆறாம் நாள் கருவுக்கு நல்லது என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு, ஆய்வுகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. உங்கள் டாக்டர் எந்த முறையில் பழகியவரோ அதிலேயே விடுங்கள்.

இங்கே குழப்பம் வரும் ஓர் இடம் உண்டு. சிலர் புரோஜெஸ்டிரோன் தொடங்கும் நாளைப் பூஜ்யம் என்று எண்ணுவார்கள், சிலர் ஒன்று என்று. ‘ஐந்தாம் நாள் வைக்கிறோம்’ என்று ஒருவர் சொல்வதும் ‘ஆறாம் நாள் வைக்கிறோம்’ என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே நேரமாக இருக்கலாம். நாள் எண்ணிக்கையை விட்டுவிட்டு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள், குழப்பம் தீரும்.

உண்மையில் இந்த முழு விஷயத்திலும் உங்கள் கையில் இருப்பது புரோஜெஸ்டிரோனின் முதல் டோஸின் நேரம்தான். மாத்திரை வைத்துத் தயார் செய்யும் சுழற்சியில் கருப்பைக்கு வேறு கடிகாரம் இல்லை, அந்த முதல் டோஸ்தான் அதைத் தொடங்கிவைக்கிறது. இரவு 8 மணிக்குத் தொடங்கச் சொன்னால் இரவு 8 மணிதான். மறந்துபோய் மறுநாள் காலை வைத்துவிட்டு ‘அரை நாள்தானே’ என்று சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். உடனே போன் செய்து சொல்லுங்கள், டிரான்ஸ்ஃபர் நேரத்தை அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். அதன் பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறையோ 12 மணி நேரத்துக்கு ஒருமுறையோ, சொன்ன இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் சமயத்தில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்க்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பலரும் வைத்திருக்கும் எல்லை. குறைவாக இருந்தால் ஊசியோ கூடுதல் டோஸோ சேர்ப்பார்கள். உங்கள் மருத்துவமனையில் பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண் நீங்கள் என்றால் இயற்கைச் சுழற்சியிலேயே வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அதில் உங்கள் உடலே முட்டை விட்டு, அந்த இடத்திலிருந்து புரோஜெஸ்டிரோன் சுரக்கும். நேரத்தை எல்எச் (முட்டையை வெளிவரத் தூண்டும் ஹார்மோன்) உயர்வை வைத்தோ, முட்டை வெடிக்கப் போடும் ஊசியை வைத்தோ கணக்கிடுவார்கள். மாத்திரைச் சுழற்சியில் முட்டை வெளிவராததால் அந்தச் சுரப்பு இல்லை, கர்ப்ப காலத்தில் உயர் ரத்த அழுத்தக் கோளாறுகள் அதில் சற்று அதிகம் காணப்படுகின்றன. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால், முடிந்தவர்களுக்கு இயற்கைச் சுழற்சி நல்லது என்பது என் கருத்து. அதற்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அடிக்கடி வேண்டும், தேதியும் முன்கூட்டித் தெரியாது.

ஒரு முறை தோற்றதால் உங்களிடம் யாராவது ‘இஆர்ஏ’ பரிசோதனை சொல்லலாம். கருப்பைச் சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, உங்களுக்கு வாசல் எந்த மணியில் திறக்கிறது என்று மரபணு வழியாகப் பார்ப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022இல் 767 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்தப் பரிசோதனைப்படி நேரத்தை மாற்றியும், மறு பாதிக்கு வழக்கமான நேரத்திலும், குரோமோசோம் சரியான கருவை வைத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது முதல் கூட்டத்தில் 58.5%, இரண்டாவதில் 61.9%. பரிசோதனையால் ஆதாயம் இல்லை. ஒரே ஒரு ஃப்ரெஷ் தோல்விக்குப் பிறகு அதற்குப் போக வேண்டியதில்லை. கருவைப் படம் பிடித்துக்கொண்டே வளர்க்கும் டைம்லாப்ஸ் இன்குபேட்டரும் இப்படித்தான். வளர்ச்சியின் நேரத்தைத் துல்லியமாகப் பார்க்க எங்களுக்கு அது பிடித்த கருவி. ஆனால் 2024இல் வெளியான 1,575 பேர் பங்கேற்ற சோதனையில் குழந்தை பிறக்கும் விகிதத்தை அது உயர்த்தவில்லை.

மேலே சொன்ன 60% எண்ணை இன்னொரு கண்ணாலும் பாருங்கள். குரோமோசோம் சரி, கிரேடு சரி, நேரம் சரி என்று எல்லாம் பொருந்திய கருவிலும் பத்தில் நான்கு குழந்தையாகவில்லை. ஆகவே ஒருவேளை 4ஏபி கைகூடாவிட்டால் ‘ஆறாம் நாள் கருவை வைத்ததால்தான்’ என்று உங்களையோ டாக்டரையோ நொந்துகொள்ள இடமில்லை.

டிரான்ஸ்ஃபர் அன்று ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், காத்திருக்கும் நேரத்தில் பயம் குறையும். மெல்லிய பட்டையின் நுனியில், கண்ணுக்கே தெரியாத துளி அளவு திரவத்தில் உங்கள் கரு ஒட்டியிருக்கும். நைட்ரஜனிலிருந்து எடுத்து ஒரு நொடிக்குள் 37 டிகிரி கரைசலில் முக்குவோம். கரு சுருங்கி, உள்ளே குழியே இல்லாத சிறு உருண்டையாகத் தெரியும். அடுத்தடுத்த கரைசல்களில் மாற்றி, இன்குபேட்டரில் வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்ப்போம். நல்ல கரு என்றால் மறுபடி நீர் ஏற்றிக்கொண்டு, மேலுறையை முட்டும் அளவுக்கு விரிந்திருக்கும். எவ்வளவு சுறுசுறுப்பாக விரிகிறது என்பது எனக்கு ‘டே 5’, ‘டே 6’ என்ற எண்ணைவிட நம்பகமான அடையாளம். அன்று டாக்டரிடம் ‘உருக்கிய பிறகு விரிந்ததா?’ என்று கேளுங்கள். இன்றைய அதிவேக உறைநிலை முறையில் பிளாஸ்டோசிஸ்ட் பிழைப்பது 95% அளவில் இருக்கிறது. ஆறாம் நாள் கரு என்பதற்காக உருக்கும்போது பிழைக்காது என்ற பயம் வேண்டாம்.

எத்தனை மாதம், வருடம் உறைநிலையில் இருந்தது என்பதும் கவலைக்குரியதல்ல. 1992இல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். உங்களுக்கு உடம்புக்கோ மனசுக்கோ ஒரு மாதம் ஓய்வு வேண்டும் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், கரு காத்திருக்கும்.

குழந்தைக்குக் குறை வருமா என்ற கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஆறாம் நாள் கருவிலிருந்து பிறந்த குழந்தைக்கு மூளை வளர்ச்சியும் மெதுவாக இருக்கும், நடை, பேச்சு தாமதமாகும் என்றெல்லாம் சொல்வதற்கு அடிப்படை கிடையாது. பிளாஸ்டோசிஸ்ட் ஆக 20 மணி நேரம் கூடுதலாக எடுத்ததற்கும் பிறந்த பின் வளர்ச்சிக்கும் தொடர்பு இல்லை. குரோமோசோம் பிசகிய கருக்களில் மிகப் பெரும்பாலானவை ஒட்டாது, ஒட்டினாலும் முதல் மூன்று மாதத்தில் கலைந்துவிடும். அதைத் தாண்டி வளர்கிற கர்ப்பத்துக்கு, எந்த நாள் கரு என்றாலும், 11 முதல் 14 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஒன்றுதான். அவற்றை விடாமல் செய்துகொள்ளுங்கள்.

வைத்து 9 முதல் 11 நாளில் பீட்டா எச்சிஜி, அதாவது கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை, எடுக்கச் சொல்வார்கள். வீட்டில் முன்னதாகவே சோதித்துப் பார்த்து, கோடு மங்கலாக இருக்கிறதே, ஆறாம் நாள் கரு என்பதால் மெதுவாக ஏறுகிறதோ என்று கணக்குப் போட வேண்டாம். ஒற்றை எண்ணைவிட, இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு எண்கள் எப்படி ஏறுகின்றன என்பதே முக்கியம். முடிவு பாசிட்டிவ் என்றாலும் மாத்திரைச் சுழற்சியில் புரோஜெஸ்டிரோனை நீங்களாக நிறுத்தக் கூடாது. நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் வரை, பொதுவாக 10 அல்லது 12 வாரம் வரை தொடர்வார்கள். பிரசவத் தேதிக்கு, ஐந்தாம் நாள் கரு என்றால் டிரான்ஸ்ஃபர் தேதியோடு 261 நாளைக் கூட்டுவார்கள், ஆறாம் நாள் கரு என்றால் 260.